சங்கத்து வீடும் வெள்ளைத் துணியும்

விளக்கு வைக்கிற நேரம். ரப்பர் தோட்டத்து லயத்தில் வரிசை வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

முதலில் கடைசி வீட்டுக் கதவு. அப்புறம் அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. தடார் தடாரென்று அந்தச் சத்தம் வரிசையாக நகர்ந்து வந்தது. பிறகு தாழ்ப்பாள்கள் விழுந்தன. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. குரைக்க நாய்கூட அப்போது தோட்டத்தில் மிச்சமில்லை.

நான் லயத்தில் இல்லை. பெரிய காலுவாய்க்கு இந்தப் பக்கம், சங்கம் கட்டிக்கொடுத்த வீட்டில், பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன். என் கை அப்படியே நின்றுவிட்டது.

நம் ஜனங்கள் யாராவது அந்த நேரத்தில் வாசற்கதவைச் சாத்துவார்களா? லட்சுமி வருகிற நேரமாயிற்றே. விளக்குக்கு எண்ணெய் கிடைக்காத அந்த நாளிலும் கதவை மட்டும் திறந்தே வைத்திருப்போம். இன்றைக்கும் அம்பாங்கானில் மகன் வீட்டில் இதே சண்டைதான். "கேட்டைச் சாத்துங்க அத்த, திருடன் வந்துருவான் லா" என்பாள் மருமகள். வரட்டும், வந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பேன். அவள் முனகிக்கொண்டே போய்விடுவாள்.

போன வாரம் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையை எழுதியிருந்தேன். தம்பினிலிருந்து ஓர் அம்மா போன் செய்து, "கிழங்கை விட்டால் உங்களுக்கு வேறு ஞாபகமே இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது தாயே. இந்த வாரம் கிழங்கு கிடையாது.

அன்றைக்கு ஏன் கதவைச் சாத்தினார்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்த வீடு எப்படி வந்தது என்று சொல்லியாக வேண்டும். அவசரப்படாதீர்கள்.

பேர் கூப்பிட்டவர்

எங்கள் தோட்டம் லாபு பக்கம். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ராத்திரியோடு ராத்திரியாக ஓடிப்போனார். பால் வெட்டு நின்றுபோயிற்று. மரத்தில் கவிழ்த்து வைத்த கோப்பைகள் கவிழ்த்தபடியே இருந்தன. காட்டுக்குள் இடுப்பளவுக்குப் புதர் மண்டிவிட்டது. நேற்றுவரை நடந்த பாதை இன்றைக்கு எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

ஆபீசில் டானியல் கிராணி என்று ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வேதக்காரர். வெள்ளைக் கால்சட்டை, மூக்குக்கண்ணாடி, ஒரு சைக்கிள். துரை இருந்தபோது துரைக்குக் கணக்கு எழுதினார். ஜப்பான்காரன் வந்ததும் அவனுக்கு எழுதினார். எழுதத் தெரிந்தவனுக்கு எந்த ராஜா வந்தால் என்ன என்று லயத்தில் ஜாடை பேசுவோம்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று வந்தபோது, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டவர் இந்த டானியல் கிராணிதான். "மூண்டு மாசம்தான். போயிட்டு வந்திடலாம்" என்றார். என் வீட்டுக்காரர் பேரையும் கூப்பிட்டார். நான் அப்போது முழுகாமல் இருந்தேன்.

புருஷன் பேரை எழுத இத்தனை வயசுக்கப்புறமும் எனக்குக் கை கூசுகிறது. மற்றவர் வாயில் வரும்போது எழுதிக்கொள்கிறேன், அது குற்றமில்லை.

அவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. வேலை முடிந்து வரும்போது கீழே கிடக்கிற ரப்பர் கொட்டை ஒன்றைப் பொறுக்கி, எங்கள் வீட்டுத் தகரக் கூரையில் எறிவார். டங்! வந்துவிட்டேன், சுடுதண்ணீர் எடுத்து வை என்று அர்த்தம். "செல்லம்மா, உன் மாப்பிள்ள வந்தாச்சுடி" என்று பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா கத்துவாள். லயமே சிரிக்கும். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனாலும் அந்த டங்குக்காகத்தான் காது காத்துக்கொண்டிருக்கும்.

அஞ்சலை அக்காவின் புருஷன் கோவிந்தனும் அதே லாரியில்தான் ஏறிப்போனார். அக்காவுக்குப் பிள்ளை இல்லை.

மூன்று மாசம் போயிற்று. அடுத்த மழைக்காலமும் போயிற்று. யாரும் வரவில்லை. அதற்குள் ஜப்பான்காரன் லயத்துத் தகரத்தையெல்லாம் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். எதற்கென்று யார் கேட்பது? நாங்களே லாலான் புல்லை அறுத்துக் கட்டாகக் கட்டிக் கூரை போட்டோம். மழை வந்தால் வீட்டுக்குள்ளும் மழைதான். என் மூத்தவன் அந்த ஈரத்தில்தான் பிறந்தான். பிறந்ததிலிருந்தே அவனுக்கு நெஞ்சில் சளி கரகரத்துக்கொண்டிருந்தது.

சும்மா ஒருத்தன் வீடு தருவானா?

சிரம்பானில் நாலைந்து பெரிய மனுஷர்கள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்களாம். சயாமுக்கு ஆளை அனுப்பிவிட்டுத் தவிக்கிற குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவார்களாம். வாடகை இல்லை, லாபம் இல்லை, தர்ம காரியம். இதைச் சொல்ல லயத்துக்கு வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே டானியல் கிராணி, அதே சைக்கிள்.

ஆளைக் கொண்டுபோனவரே வீட்டைக் கொண்டுவந்தால் யாருக்கு நம்பிக்கை வரும்?

"இவுரு எதுக்குடி நமக்கு வீடு கட்டணும்? மாமனா, மச்சானா?" என்றாள் அஞ்சலை அக்கா.

"நம்மள ஒரே எடத்துல அடச்சு வச்சு, அப்புறம் பொம்பளைங்களையும் லாரியில ஏத்தப் போறான்" என்றாள் ஒருத்தி.

"அந்தப் பலகை எல்லாம் பொணப்பெட்டிப் பலகையாம்" என்றாள் இன்னொருத்தி. யார் சொன்னது என்று கேட்டால் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பலகையை யாரும் தொடவில்லை.

வேலைக்காரர்கள் வெளியூர் ஆட்கள். வந்தார்கள், தட்டினார்கள், போனார்கள். காலுவாய்க்கு அந்தப் பக்கம், புதர் மண்டின ரப்பர் காட்டு ஓரத்தில், ஐந்து வீடு எழுந்து நின்றது. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைச் சுவர், தூக்கிக் கட்டின தரை. ஐந்து வாசலும் லயத்தைப் பார்த்தபடி. கதவு போட நாளானது. அதுவரை ஐந்து கறுப்பு ஓட்டைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

வெயில் நாளில் ரப்பர் காய் வெடிக்கும், தெரியுமல்லவா? சடக்கென்று வெடித்துக் கொட்டை தூரத்தில் போய் விழும். பிறந்ததிலிருந்து கேட்ட சத்தம்தான். ஆனால் அந்தக் காலி வீடுகளின் பக்கமிருந்து அது கேட்டபோது எல்லாரும் பேச்சை நிறுத்தினோம். உள்ளே யாரோ இருமினார்கள் என்று அஞ்சலை அக்கா சத்தியம் பண்ணினாள். கேலி செய்ய வாயெடுத்தேன், வரவில்லை. எனக்கும் கேட்ட மாதிரிதான் இருந்தது.

கொண்டுவந்த துணி

முதல் வீடு எனக்கு என்றார் கிராணி.

பகல் வேளை. லயத்து ஜனம் மொத்தமும் வாசலில் நிற்கிறது. கிராணி சைக்கிளிலிருந்து இறங்கி, பின்னால் கட்டியிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மடித்து வைத்த வெள்ளைத் துணி. இரண்டு கையாலும் ஏந்தி என் முன்னால் நீட்டினார்.

"இது சங்கத்தின்ர அன்பளிப்பு பிள்ளை. வீட்டோட ஒரு துணியும் குடுக்கிறம். குழந்தைக்குச் சட்டை தைக்கலாம்" என்றார்.

நாங்கள் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு முழம் துணியைப் பார்த்து வருஷமாகியிருந்தது. அந்த மனுஷர் நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்திருப்பார். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போடுகிற கோடித் துணி எப்படி இருக்கும்? வெள்ளையாக, புதிதாக, இப்படித்தான் மடித்து, இப்படித்தான் எல்லார் முன்னிலையிலும் நீட்டுவார்கள்.

 அஞ்சலை அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட பாவி மனுசா! கோடி கொண்டாந்திருக்கானேடி! மாணிக்கம் போயிட்டான்டி!"

கிராணிக்கு ஒன்றும் புரியவில்லை. துணியை நீட்டியபடியே விழித்துக்கொண்டு நின்றார்.  நான் கேட்டேன்.

"எத்தனையோ பேர் போயிருக்காங்க. எனக்கு ஏன் மொத வீடு? அவுங்க செத்துட்டாங்களா? உங்களுக்குத் தெரியுமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. உள்ளே ஏணையில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியாது பிள்ளை. தெரிஞ்சால் சொல்லாமல் இருப்பனோ?"

நான் துணியை வாங்கவில்லை. அவர் அதை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது அங்கேயே கிடந்தது. யாரும் தாண்டவில்லை, தொடவுமில்லை.

சாயங்காலம் மழை பிடித்தது. புல்லுக்கூரை வழியாக ஊற்றுகிறது. பிள்ளைக்கு மூச்சு இழுக்கிறது. இழுக்கும்போது விலாக்குழி உள்ளே போகிறது. அவனை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூலைக்கு மூலை நகர்ந்தேன். காலுவாய்க்கு அப்பால் புதுக்கூரை நனையாமல் நிற்பது தெரிந்தது. அங்கே போனால் அவர் செத்துவிட்டார் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். போகாவிட்டால் இவன் போய்விடுவான். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்காக, கண்ணெதிரே மூச்சுத் திணறுகிற பிள்ளையை எந்தத் தாயால் விடமுடியும்?

விடிந்ததும் லயத்துக்குப் பின்னால் போய் மஞ்சள் கிழங்கைப் பிடுங்கினேன். இடித்தேன். அந்த வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தேன். கையெல்லாம் மஞ்சள். அள்ளிப் பிழிந்து காயப்போட்டபோது வெள்ளை என்று சொல்ல ஒரு பொட்டு இடம் இல்லை. கழுத்துத் தாலி கழுத்தில்தான் இருந்தது. நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலுவாய்ப் பலகையைத் தாண்டினேன்.

அஞ்சலை அக்கா அழுதுகொண்டே கத்தினாள்: "போ புள்ள, போ! அவனக் கொன்னுட்டுப் போ!"

திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று தெரியும். பார்க்கவில்லை.

புது வீட்டில் அந்த மஞ்சள் துணியில்தான் ஏணை கட்டினேன். ஈரமில்லாத இடம், இரண்டு மூன்று நாளில் பிள்ளைக்கு மூச்சு சீராகிவிட்டது. ஆனால் ஒரு ஈ காக்கைகூட என் வீட்டுக்கு வரவில்லை. காலையில் எதிரே போனால், பொட்டு வைத்த என்னைப் பார்த்துச் சகுனத் தடை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பக்கத்தில் நான்கு காலி வீடுகள். வெயில் தாழ்ந்ததும் புதுப்பலகை சுருங்கி முறுமுறுக்கும். யாரோ உட்கார இடம் தேடி ஒவ்வொரு வீடாக நடக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். பயந்தேன். சும்மா ஏன் மறைக்க வேண்டும்?

சத்தம் வராத கொட்டை

இப்போது அந்தக் கதவுகளுக்கு வருகிறேன். நான் பார்க்காத பாதியை அஞ்சலை அக்கா பிற்பாடு சொன்னாள்.

விளக்கு வைக்க வெளியே வந்தாளாம். நான் காலி பண்ணின வீட்டு வாசலில் ஓர் உருவம் நிற்கிறது. எலும்பும் தோலும், தோள்வரை முடி, ஒரு காலில் சாக்குத்துணி சுற்றியிருக்கிறது. அது மெதுவாகக் குனிந்து தரையிலிருந்து எதையோ பொறுக்கியது. கையை ஓங்கிக் கூரைமேல் எறிந்தது.

அந்தக் கை வீச்சை லயத்தில் தெரியாதவர் யார்?

"எறிஞ்சான் புள்ள. என் ரெண்டு கண்ணால பார்த்தேன். ஆனா சத்தமே வரல."

எப்படி வரும்? தகரம் போய்ப் புல்லுக்கூரை ஆகிவிட்டதே! அந்தப் புல்லை அறுத்ததும் இவள், கட்டினதும் இவள். ஆனால் கிராணி கோடி கொண்டுவந்த அன்றே "மாணிக்கம் செத்தாச்சு" என்று முடிவுகட்டியவர்களுக்கு அது எங்கே ஞாபகம் வரப்போகிறது? செத்தவன் எறிந்தான், அதனால்தான் சத்தமில்லை. அவ்வளவுதான். அவள் கதவைச் சாத்தினாள். பார்த்தவர்கள் எல்லாரும் சாத்தினார்கள்.

இந்தப் பக்கம் நான் ஏணைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நேரம் போகிறது. இருட்டிக்கொண்டு வருகிறது. காலுவாய்ப் பலகை மேல் யாரோ நடக்கிற சத்தம். ஒரு கால் நடக்கிறது, ஒரு கால் இழுபடுகிறது. கூடவே சைக்கிள் உருளும் சத்தமும்.

வாசலில் இரண்டு உருவம். ஒன்று டானியல் கிராணி. மிச்ச வீடுகளில் முடிக்காமல் விட்ட வேலையைப் பார்க்க வந்தவர், லயத்து வாசலில் நின்றவரைப் பார்த்துக் கூட்டி வந்திருக்கிறார். இன்னொன்றின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பயப்பிடாதையுங்கோ பிள்ளை. கை சுடுது. காய்ச்சல். உயிரோடதான் இருக்கிறான்."

சொன்னாரே தவிர, நடுங்கியது கிராணியின் கைதான். கண்ணாடிக்குள் கண் பிதுங்க, தான் பிடித்திருந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார். லயத்து ஜனம் பயந்ததற்கு மேல் அவர் பயந்திருந்தார். எனக்கு அது அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் படிக்கு வெளியே நின்றார்.

"எல்லாரும் கதவச் சாத்திட்டாங்க செல்லம்மா. நான் செத்துட்டேனா?" என்று கேட்டார். கிண்டலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நான் ஏணைக் கயிற்றை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தேன்.

"உள்ள வரலாமா?" என்றார்.

"வாங்க" என்றேன். லயத்துக்கே கேட்கும்படி இன்னொரு தடவை கத்தினேன். "வாங்க! உங்க வீடுதான், வாங்க!"

வந்தார். மஞ்சள் ஏணையை விலக்கி, அதுவரை பார்க்காத தன் பிள்ளையைப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் அழாமல் இருக்க முடியவில்லை.

நான்கு வீடு

மறுநாள் லயமே என் வீட்டில். அஞ்சலை அக்கா ஏணையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மஞ்சள்ல முக்கினியாடி? முக்கித்தான் அவனத் திருப்பிக் கொண்டாந்தியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அல்லது சிரிக்க மாட்டீர்கள். பிணப்பெட்டிப் பலகை என்றவர்கள் கிராணியின் சைக்கிளை மறித்து வீடு கேட்டார்கள். அந்த வீட்டில் குடிபோனால் சயாமுக்குப் போனவன் திரும்பி வருவான் என்று ஆகிவிட்டது. நான்கு வீடும் நிறைந்தன. நான்கு வெள்ளைத் துணியும் மஞ்சளில் முங்கின. நான்கு வீட்டிலும் மஞ்சள் ஏணை தொங்கியது. அஞ்சலை அக்காவும் கட்டினாள். காற்றடித்தால் அவள் வீட்டு ஏணை வெறுமனே ஆடும்.

என் வீட்டுக்காரருக்குக் கால் புண் ஆறியது. ஆனால் அந்த வழக்கம் போகவில்லை. வெளியே போய்விட்டு வந்தால் படியில் நின்று "உள்ள வரலாமா?" என்பார். நான் "வாங்க" என்று சொன்னால்தான் கால் வைப்பார். அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் பக்கத்து வாசலிலிருந்து "வாங்க" என்று ஒரு குரல். பிறகு அதற்கடுத்த வாசலிலிருந்து. நான்கு பெண்கள் நான்கு வாசலில் நின்று, புதர் மூடின பாதையைப் பார்த்துக் கூப்பிட்டார்கள். பாதையில் யாருமில்லை. 

அன்றிலிருந்து தினமும் அதுதான். அந்தக் குரல்கள் கேட்டால் அவர் சாப்பிடுகிற கையை நிறுத்திவிடுவார்.

ஒரு நாள் அஞ்சலை அக்கா "வாங்க" என்றபோது அவர் உதடு அசைந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டது.

"கோவிந்தன் மாமா வரமாட்டாருக்கா. நாந்தான் மண்ணு போட்டேன்."

நான் மூச்சுக் காட்டவில்லை.

மறுநாள் காலை அக்கா வந்தாள். எப்போதும் கேட்கிற அதே கேள்வி. "ஒரே லாரியில போனீங்களே மாணிக்கம், உங்க மாமாவைப் பத்தி ஒனக்கு ஒண்ணுமே தெரியாதாப்பா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. ஏணையில் கிடந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சா சொல்லாம இருப்பேனா?"

எனக்குச் சுரீரென்றது. இந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். பிள்ளையைப் பார்த்துப் பேசுகிற இந்த முகத்தையும் பார்த்திருக்கிறேன். கிராணிக்கு அன்றைக்கு ஏதோ சேதி வந்திருக்கிறது. செத்தவர் யார் என்று தெரிந்துதான் வீடு கொடுத்திருக்கிறார். லயம் சந்தேகப்பட்டது பொய்யில்லை. என் விஷயத்தில் மட்டும் அவருக்கு வந்த சேதி தப்பு. அதனால்தான் செத்தவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி நடுங்கியிருக்கிறார். அந்த மனுஷரை நல்லவர் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது. கெட்டவர் என்றும் சொல்ல மாட்டேன்.

அன்று விளக்கு வைக்கிற நேரம் வந்தது. அஞ்சலை அக்கா தன் வாசலில் வந்து நின்றாள். என் வீட்டுக்காரர் உள்ளே தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து என் வாசலுக்குப் போனேன். அந்தப் பாதையைப் பார்த்து, அக்காவோடு சேர்ந்து நானும் கூப்பிட்டேன்.

"வாங்க."